தூங்காத திரை



திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் கேரள அரசின் எரிசக்தி மேலாண்மை மையம் இருக்கிறது. 1996-ல் தொடங்கியது. மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. பக்கத்துக் கழக்கூட்டத்தில், 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே எத்தனை ஆயிரம் கணினித் திரைகள்! யாரும் பார்க்காமல் எரியும் திரை மின்சாரத்தை வீணாக்கும்.

சிலருடைய மடிக்கணினித் திரை, அணைந்த சில நொடிகளில் தானே மறுபடி எரியும். பழுது என்று பயப்பட வேண்டாம். முதலில் மவுஸைக் கழற்றிப் பாருங்கள். அதன் அடியில் உள்ள சின்னஞ்சிறு கேமரா மேசையை ஓயாமல் படமெடுக்கிறது. கண்ணாடி மேசை என்றாலோ, மேசை அதிர்ந்தாலோ, சும்மா இருக்கும் மவுஸும் நகர்ந்ததாக அதற்குத் தோன்றும், திரை விழித்துக்கொள்ளும். மவுஸைத் திருப்பி வைத்தாலோ, அடியில் ஒரு காகிதம் விரித்தாலோ சரியாகலாம். சிக்கிக்கொண்ட விசையும் இப்படித் திரையை எழுப்பும்.

திரை அணையவே மறுக்கிறதா? பின்னால் ஏதாவது வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடும் வீடியோ திரையைத் தூங்க விடாது.

எதுவும் பலிக்கவில்லையென்றால், எழுந்து போகும்போது மூடியை மூடிவிடுங்கள். சிறு துளிதான், ஆனால் பல துளி பெருவெள்ளம் அல்லவா!