பிந்திய ஒப்படையும் வீடு சேராத செய்தியும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பயிலும் மாணவன் ஒருவன் 9 பாடங்களைக் கற்கின்றான். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் ஆறும் யாவர்க்கும் உரியவை. எஞ்சிய மூன்றும் அவன் தெரிந்தெடுப்பவை. பெரும்பாலும் பாடத்துக்கோர் ஆசிரியர் உளர்; ஒவ்வொருவரும் ஒப்படை கொடுப்பர். விஞ்ஞான ஆசிரியை அறிவது தமக்கு வரவேண்டிய ஒப்படை வரவில்லை என்பதை மட்டுமே. வரலாற்றாசிரியர் அறிவதும் அவ்வளவே. ஒன்று பிந்துவது பெரிய குற்றமன்று என ஒவ்வொருவரும் பொறுத்துக்கொள்வர், அதிற் பிழையுமில்லை. ஆயின், ஐவர் தனித்தனியே பொறுத்துக்கொண்ட ஐந்து ஒப்படைகளும் ஒரே பையனின் தலைமேற் கிடக்கின்றன. இதனை முழுமையாக அறிந்தவன் அவன் ஒருவனே. அவனோ வாய் திறவான்.

முதல் ஒப்படை விளங்காமையாற் பிந்தியிருக்கலாம், நேரமின்மையாலும் பிந்தியிருக்கலாம். இரண்டாவது, முதலாவதைப் பற்றிக் கேட்பார்களே என்னும் கூச்சத்தாற் பிந்துகின்றது. மூன்றாவது வரும்போது, அந்தப் பாடம் உள்ள நாளில் அவனுக்குத் தலைவலி வந்துவிடுகின்றது. புள்ளிகளைப் பார்த்து இதனை அறியவேண்டுமாயின் தவணை முடிவுவரை காத்திருக்கவேண்டும். வரவு இடாப்போ முன்னரே காட்டிவிடும்: செவ்வாய் தோறும் ஒருவன் வரவில்லையென்றால், செவ்வாய்க்கிழமைப் பாடங்கள் எவையெனப் பார்ப்பதே வகுப்பாசிரியர் செய்யத்தக்க முதற் காரியம்.

வழக்கத்தில் நடப்பது வேறு. மலையகத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாயை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். “தங்கள் பிள்ளை தொடர்பாக உடன் சமுகமளிக்கவும்” என்று கடிதம் எழுதப்படுகின்றது. காரணம் அதில் இல்லை. கடிதத்தைக் கொண்டுசெல்பவனும் அந்தப் பிள்ளையே. ஆதலால் அது புத்தகப்பையின் அடியில் உறங்குகின்றது. தப்பித் தவறித் தாயின் கைக்கு எட்டினால், அவள் ஒரு நாட் சம்பளத்தை இழந்து காலை பத்து மணிக்குக் கந்தோர் வாசலில் வந்து நிற்கின்றாள். “கவனம் குறைவு, அம்மா” என்ற இரண்டு சொற்களைக் கேட்டுத் திரும்புகின்றாள். எதிற் குறைவு, எவ்வளவு குறைவு, என்ன செய்யலாம் என்பன தெரியாதவர்களுக்குத் தெரிந்த மருந்து அடி ஒன்றுதான். அடுத்த கடிதம் வீடு சேரப்போவதில்லை.

“கவனம் குறைவு”, “இன்னும் முயலவேண்டும்” என்னும் தொடர்கள் முன்னேற்ற அறிக்கையின் கட்டத்தை நிரப்புவனவேயன்றிச் செய்தி ஆகா. அந்தத் தாயிடம் வேறு விதமாகப் பேசலாம்.

“தம்பி நல்ல பிள்ளைதான், அம்மா. விஞ்ஞானத்தில் இரண்டும் வரலாற்றில் ஒன்றும் இன்னும் தரவில்லை. பின்னேரத்தில் வீட்டில் என்ன செய்கிறார்?”

“நான் வீட்டுக்கு வர இருட்டிவிடும், டீச்சர். தங்கச்சியை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.”

இவ்விரு கூற்றுக்களாற் பள்ளிக்கூடம் அறிந்துகொண்டது, தவணை முழுவதும் அறியாத ஒன்று. பெற்றோர் பள்ளிக்குச் சொல்லவேண்டியவையும் பல. தாய் மத்திய கிழக்கிற்குத் தொழிலுக்குப் போய்விட்டாள், பிள்ளை அம்மம்மாவுடன் இருக்கின்றான் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியாமலே ஓராண்டு கழிவதுண்டு. தனியார் வகுப்பும் அத்தகையதே. பள்ளி விட்டதும் ஒன்று, மாலையில் மற்றொன்று என அலையும் பிள்ளைக்கு ஒப்படை எழுதும் பொழுது எங்கேயிருந்து வரும்? இதனைப் பெற்றோர் மறைப்பதில்லை; சொல்லத்தக்க செய்தியென்று அவர்கள் எண்ணுவதில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கடதாசிக்கே தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளும் பிற்போடப்பட்டன. அப்பியாசக் கொப்பி வாங்க இயலாமையே ஒப்படை பிந்தக் காரணமாயிருப்பதும் உண்டு. பிள்ளை அதனை வகுப்பிற் சொல்வதினும் ஏச்சு வாங்குவதை மேலெனக் கொள்வான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸப் வழியே வீடுகளுக்குச் சென்றன. அன்று தொடங்கிய வகுப்புக் குழுக்கள் பல, பள்ளிகள் திறந்த பின்னரும் நிலைத்துவிட்டன. பரீட்சைத் திகதியை அறிவிக்க அவை நல்ல சாதனமே. ஆனால், ஒப்படை தராதோரின் பெயர்ப்பட்டியலை நாற்பது குடும்பங்கள் பார்க்க இரவு பத்து மணிக்கு இடுவது, அக்காலத்தில் முற்றத்தில் முழந்தாளிட வைத்த தண்டனையினும் கொடிது. முற்றத்தை அயல்வீட்டார் கண்டதில்லை. ஒருவன் செய்தி அவன் வீட்டாருக்கு மட்டுமே உரியது. இரண்டாவது ஒப்படை பிந்தியவுடன், தாய் வேலை முடிந்து வந்திருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத் தொலைபேசி உரையாடல் போதும். அதனாற் சம்பளமும் கெடாது.

அதன்பின் ஒரு தாள் வேண்டும். ஒன்பது பாடங்களுக்கும் ஒன்பது வரிகள். நிலுவையில் உள்ளவை எவையென வகுப்பாசிரியர் மற்ற ஆசிரியர்களிடம் கேட்டு எழுதுதல் ஒரு நாள் வேலை. அதை வைத்துக்கொண்டு பேசும்போது பிள்ளையும் உடனிருக்கவேண்டும். அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பெரியவர்கள் முடிவு செய்தால், அது அவனுக்கு விதித்த தீர்ப்பாகுமேயன்றி அவன் கொடுத்த வாக்காகாது. நிலுவை முழுவதையும் ஒரு வாரத்திற் கேட்பதும் வீண். பழையவற்றுட் சிலவற்றை ஆசிரியர்கள் தள்ளிவிடலாம். அதனால் ஒழுக்கம் கெட்டுவிடும் என அஞ்சுவோர், 16 வயது நிரம்பியதும் அந்தப் பையனைச் சட்டம் பள்ளியிற் கட்டிவைக்காது என்பதை நினைவிற்கொள்ளல் தகும். 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கட்டாயக் கல்வியை 5 வயது முதல் 16 வயது வரை என வகுத்துள்ளன. பத்தாம் வகுப்பு மாணவன் அந்த எல்லையின் அருகில் நிற்கின்றான்.

எஞ்சியவற்றுள் எளியது முதலில் வரட்டும். வரலாற்று ஒப்படை இரண்டு பக்கமாயின் வெள்ளிக்கிழமைக்கு அது ஒன்றே போதும். அவன் கொண்டுவந்து நீட்டும்போது, “இப்போதுதான் கண் திறந்ததோ?” என்று கேளாமல் ஆசிரியர் வாங்கிவைக்கட்டும். அன்று மாலையே அந்தத் தாய்க்கு இன்னொரு முறை தொலைபேசியிற் பேசி, ஒப்படை வந்து சேர்ந்தது என்று சொல்லட்டும்.