நாசிக்ல ஒயின் வீக்கெண்ட்: முதல்ல காலண்டர், அப்புறம் ரூம்

ஒயின் டேஸ்டிங் ட்ரிப்னு சொன்னதும் எல்லாரும் ரூம் தேட ஆரம்பிச்சிடுறாங்க. என்னைக் கேட்டா, முதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க.

ஐரோப்பாவுல திராட்சை அறுவடை ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும். நாசிக்ல அப்படிக் கிடையாது. மழைக்காலத்துல பழம் இருந்தா கொடியிலயே அழுகிடும். அதனால அங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை கவாத்து பண்றாங்க. அறுவடை முடிஞ்சதும் ஏப்ரல் வாக்குல ஒண்ணு, மழை ஓயுற செப்டம்பர், அக்டோபர்ல இன்னொண்ணு. பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளிர், அந்தப் பருவத்துல பழம் பழுக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பறிப்பு. கொடியில பழத்தைப் பார்க்கணும்னா அப்போதான் போகணும். மே மாசம் போனா இலையும் வெயிலும்தான்!

ஆனா ஜனவரி 26 லாங் வீக்கெண்டுன்னு டிக்கெட் போட்டுடாதீங்க. அன்னிக்கு ட்ரை டே. அவ்வளவு தூரம் போய் தோட்டத்தை மட்டும் சுத்திட்டு வரணும்.

எங்க போறது? சூலா எல்லாருக்கும் தெரியும். ராஜீவ் சமந்த் கலிஃபோர்னியாவுல ஆரக்கிள் வேலையை விட்டுட்டு வந்து, குடும்ப நிலத்துல ஆரம்பிச்சது. சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. யார்க் அதைவிடச் சின்ன இடம், கங்காபூர் அணைத் தண்ணியைப் பார்த்த மாதிரி உட்காரலாம். ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும். மூணாவது இடத்துல நாக்குக்கு எதுவும் தெரியாது.

தங்குறதுல சிக்கனம் பார்க்கிறவங்க நகரத்துக்குள்ள ரூம் போடுறாங்க. அப்போ ராத்திரி யார் வண்டி ஓட்டுறது? டேஸ்டிங்ல ஊத்துறது கொஞ்சம் கொஞ்சம்தான், ஆனா அஞ்சாறு கிளாஸ் சேர்ந்தா கணக்கு ஏறிடும். நம்ம சட்டத்துல 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. "நான் ஒரு வாய்தான் குடிச்சேன்"னு சொல்ற நண்பனை நம்பி பின்சீட்ல ஏறாதீங்க. தோட்டத்துக்குள்ளயே, இல்ல நடந்து போற தூரத்துல ஒரு ராத்திரி தங்குங்க. காசு கூடத்தான். கட்டுப்படியாகலன்னா டிரைவரோட கார் எடுத்து நாள் வாடகையைப் பங்கு போட்டுக்கலாம். ருசி பார்த்துட்டுத் துப்புறதும் அங்க சகஜம், யாரும் முறைக்க மாட்டாங்க.

சாப்பாட்டுக்கு நாசிக் மிசல். முளைகட்டின பயறு, மேல செக்கச்செவேல்னு எண்ணெய், கூட பாவ். காலையிலயே முடிச்சிடுங்க. அந்தக் காரத்தோட நேரா டேஸ்டிங் போனா நாக்கு மரத்துப்போயிருக்கும். மதியமும் காரமான சாப்பாடுதான்னா ரெட் ஒயின் வேண்டாம், எரிச்சல் கூடும். லேசான இனிப்பு இருக்கிற செனின் பிளாங்க் ஜில்லுனு கேளுங்க.

மும்பை வரைக்கும் வந்துட்டா, ஷீரடி போற வந்தே பாரத் நாசிக் ரோடுல நிக்கும். தோட்டங்கள் ஊருக்கு மறுபக்கம் இருக்கு. வண்டியை ரயில்ல வரும்போதே பேசிடுங்க.