எதிரியே இல்லாத இடத்தில் ஏன் சாக வேண்டும்?

(நமது முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம்தான் டாக்டர், அப்புறம் சாப்பாடு" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டாளத்தில் இருந்தவனுக்கு நேரக் கணக்கு தெரியும். முடித்துவிடுகிறேன்.

நம் மைதானத்து என்.சி.சி. பரேடு ஞாபகம் இருக்கிறதா? நம்மில் பாதிப் பேர் போனது தேசபக்தியினால் அல்ல. முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்குக்காக! வெயிலில் விறைத்து நிற்கும்போது எவனாவது பொத்தென்று விழுவான். வேப்பமரத்தடியில் கிடத்தி, மூஞ்சியில் தண்ணீர் தெளித்தால் எழுந்து உட்காருவான். நாம் சிரிப்போம். "விழுந்தவன் எழுந்திடுவான்" என்ற அந்த நினைப்போடுதான் நானும் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தேன்.

வடநாட்டில் ஒரு பயிற்சி மையம். ஜூன் மாதம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத் தேர்வு. விடியற்காலையில் நடக்க வேண்டியது, ஒன்பது மணிக்குத் தள்ளிப்போயிற்று. அதில் ஓடிய ஒரு ரங்ரூட்டுக்குப் பத்தொன்பது வயது. முந்தின நாள் காய்ச்சல். ஆனால் எம்.ஐ. ரூமுக்கு வரவில்லை. வந்தால் தேர்வு தள்ளிப்போகும், கூட வந்த பையன்கள் முன்னால் போய்விடுவார்களே! கடைசி அரைக் கிலோமீட்டரில் தள்ளாடினான். இரண்டு பேர் தோள் கொடுத்து ஓட வைத்தார்கள். விழுந்தபோது "நடிக்கிறான்" என்றது ஒரு குரல். ஜீப் வந்து ஆஸ்பத்திரி சேர முக்கால் மணி நேரம். நான் பார்த்தபோது உடம்புச் சூடு 42 டிகிரி. மூன்றாம் நாள் போய்விட்டான்.

அவன் விழுந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் லங்கர், அதாவது சமையற்கூடம். அங்கே டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது, ஐஸ் கட்டியும் இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை. முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டியவன் நான். நானும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் வழி முன்பே கண்டுபிடித்தாகிவிட்டது என்பதுதான் வேதனை. அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தில் பேரிஸ் தீவு என்று ஓர் இடம். மரைன் படையின் ரங்ரூட் பயிற்சித் தளம். 1950-களில் அங்கே கோடைதோறும் வெயிலில் சுருண்டவர்கள் ஏராளம். யாக்லூ, மினார்டு என்ற இருவர் ஆராய்ந்து, 1957-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டருக்கு 70 பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் தெர்மாமீட்டருக்கு 20 பங்கு, சாதாரணத் தெர்மாமீட்டருக்கு 10 பங்கு. ஈரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழியுமே தவிரக் காயாது. கடலோரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

அந்தக் கணக்கை வைத்துத்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கொடி ஏற்றும் வழக்கம் வந்தது. 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கறுப்பு. அவசியமில்லாத பயிற்சி அத்தனையும் நிறுத்தம். விழுகிறவர்கள் எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது.

வெயில் மட்டுமா காரணம்? அதே தீவில் 1956 ஏப்ரல் 8 இரவு, ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று ஒரு பயிற்றுநர் தன் பிளட்டூனைச் சதுப்பு ஓடையில் இறக்கினார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். தட்டிக் கேட்க ஆளில்லாத அதிகாரமும் கொல்லும். அதன் பிறகுதான் பயிற்றுநர்கள் மேல் கண்காணிப்பு இறுகியது.

இன்னொரு கணக்கு. 1977 முதல் 2001 வரை அமெரிக்கப் படைகளில் சேர்ந்த 63 லட்சம் ரங்ரூட்டுகளில், காயம் எதுவுமின்றித் திடீரென இறந்தவர்கள் 126 பேர். அதில் 86 சதவீதம் உடற்பயிற்சியோடு தொடர்புடையது. பலருக்குப் பிறவியிலேயே இதய ரத்தக்குழாயில் கோளாறு. "ஓடும்போது மயங்கியதுண்டா? வீட்டில் இளவயதில் யாராவது திடீரென இறந்ததுண்டா?" இந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் ஓடவிடக் கூடாது.

நம் நாட்டுக்கு வருவோம். 2024-ல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வில் 10 கிலோமீட்டர் ஓட்டம். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். வேலைக்காக ஓடிய ஏழைப் பிள்ளைகள்.

ஆகவே வீட்டில் ராணுவத்துக்கோ போலீஸுக்கோ தயாராகும் பேரப்பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும். முதல் நாளே முழு வேகம் கூடாது. காய்ச்சலோடு ஓடக் கூடாது. தண்ணீர் குடிக்கணும், ஆனால் வெறி பிடித்தாற்போல் குடிப்பதும் ஆபத்து. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். ஓடுகிறவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, சண்டைக்கு வந்தாலோ அது நடிப்பு அல்ல, மூளை கொதிக்கிறது என்று அர்த்தம். மூஞ்சியில் தெளிப்பது போதாது. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். தொட்டி இல்லையா, ஐஸ் தண்ணீரில் நனைத்த போர்வையைப் போர்த்தி மாற்றி மாற்றிப் போடுங்கள். முதலில் குளிர்விக்கணும், அப்புறம்தான் வண்டி. அரை மணிக்குள் செய்தால் அநேகமாகப் பிழைத்துவிடுவான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி என்.சி.சி. பிரிவுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு பெரிய தொட்டியும் ஐஸ் பெட்டியும் வாங்கித் தருவோம். முதல் தொகை என்னுடையது. இதோ, பொருளாளரிடம் இப்போதே கொடுத்துவிடுகிறேன். ஐம்பது வருஷத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டாலும் போதும். அன்று லங்கரில் வீணாய்க் கரைந்த ஐஸுக்கு நான் செய்யும் பரிகாரம் அது.

பூரி கிழங்கு ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.