அடிபம்பு மேடையும் கலைஞரும்

(ஊராட்சித் தலைவர்கள், மாதர் சங்கத்தார், இளைஞர் மன்றத்தார் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கலையைப் பற்றிப் பேச வட்டார வளர்ச்சி அலுவலருக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அப்பொழுது ஓர் ஊரில் அடிபம்பைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டிக் கொடுத்தோம். வரைபடத்திற் குறையில்லை, அளவுப் புத்தகத்திலும் குறையில்லை. ஆனால் மேடை வழுக்கிற்று. சிந்திய நீர் வழியின்றித் தேங்கிற்று. மழைக்காலத்தில் ஒருநாள் கர்ப்பிணிப் பெண்ணொருத்தி நிறைகுடத்தைக் குனிந்து தூக்குகையில் சறுக்கி விழுந்தாள். தெய்வாதீனமாகத் தாய்க்கும் சேய்க்கும் தீங்கில்லை. விசாரிக்கச் சென்ற நம்மிடம் அவ்வூர்ப் பாட்டி ஒருவர், “குடத்தை எங்கே வைத்துத் தூக்குவீர்கள் என்று எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா, ஐயா?” என்றார். நாம் கேட்கவில்லை.

அதைக் கேட்டுத் தம் பணியை நடத்திய ஓர் ஓவியரைப் பற்றிப் பின்னரே அறிந்தோம். நவ்ஜோத் அல்தாப் என்னும் அம்மையார் 1949-இல் மீரத்தில் பிறந்தவர், பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியிற் பயின்றவர். நகரத்துக் காட்சிக் கூடங்களோடு நின்றுவிடாமல், 1990-களின் பிற்பகுதி முதல் பஸ்தர்ப் பகுதியிலுள்ள கொண்டாகாவ்ன் சென்று பணி செய்தார். அன்று அது மத்தியப் பிரதேசம். 2000 முதல் சத்தீஸ்கர். வெண்கல வார்ப்புக்கும் மரச் சிற்பத்துக்கும் பெயர்போன அவ்வூரில் ராஜ்குமார், சாந்திபாய், கேசுராம் முதலிய உள்ளூர்க் கலைஞரை மாணாக்கராக அன்றி, உடனுழைப்போராகவே கொண்டார். பெண்கள் மரம் செதுக்குவது வழக்கமில்லாத இடத்தில் சாந்திபாய் உளியேந்தியதை நாம் தனியே குறிப்பிட விரும்புகிறோம்.

இவர்கள் ஊராருடன் கலந்து பேசிச் செய்த வேலைகளில் முதன்மையானது அடிபம்பு இடங்களைச் சீரமைத்ததாகும்; ‘நல்பார்’ என்பது அதன் பெயர். குடத்தை ஒரே மூச்சில் தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவது கடினமன்றோ? ஆதலின் இடையே குடத்தை வைத்து எடுக்க உயரமான மாடங்கள் அமைத்தனர். சிந்தும் நீர் தேங்காமல் ஓட வழி செய்தனர். சுவரில் தம் நாட்டுச் சின்னங்களைப் பதித்தனர். அழகு கடைசியில் பூசிய சாயமாக இல்லை. மாடத்தின் அமைப்பிலேயே இருந்தது. இளைஞரும் சிறுவரும் கூடுவதற்கென்று ‘பிள்ளா குடி’ என்னும் இடங்களையும் எழுப்பினர். குழந்தைகளின் கோயில் என்பது பொருளாம். நம் செவிக்கோ தமிழ் போலவே ஒலிக்கின்றது!

இதற்குக் காலம் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டோம். ஊர் கூடிப் பேசி முடிப்பதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும் என்று நம் அலுவலகத்தார் அஞ்சுவது நியாயமே. எனினும், மார்ச்சு மாதத்தில் அவசரமாகக் கட்டி, ஜூலையில் இடித்துக் கட்டிய மேடையும் நம் கணக்கில் உண்டு.

நமக்குக் கலைஞர் பஞ்சமும் இல்லை. அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் மாவிலும் வேம்பிலும் சுவாமி வடிவங்கள் செதுக்கும் அக்கைகள் ஒரு மேடையின் மாதிரியை மரத்திற் செய்து காட்டினால், காகித வரைபடம் படிக்கத் தெரியாத தாயும், “இது உயரம் போதாது” என்று சொல்லிவிடுவாள். சுவரில் என்ன பொறிப்பது என்பதை இளைஞர்கள் முடிவு செய்யட்டும். அரியலூர்ப் பக்கத்தில் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. சுருள் வடிவான அம்மோனைட்டுகள் கல்லாய்க் கிடைக்கின்றன. சாத்தனூரில் கல்லாய்ப்போன பெருமரம் உள்ளது. வேறெங்கிருந்தோ தாமரைப் படத்தை வாங்கி ஒட்ட வேண்டியதில்லை.

முதலில் ஒரேயோர் அடிபம்பை எடுத்துக்கொள்வோம். எதை என்பதைக் கிராம சபை சொல்லட்டும். மதிப்பீடு எழுதுமுன் பொறியாளரும் நாமும் மாலை ஐந்து மணிக்கு அங்கே வந்து அமர்வோம். பெண்கள் தண்ணீர் எடுக்கும் நேரம் அது. அளவு நாடாவைப் பிடிக்க இளைஞர் மன்றத்திலிருந்து இருவர் வேண்டும். தாய்மார்கள் தாங்கள் அன்றாடம் எடுக்கும் குடங்களையே கொண்டுவர வேண்டுகிறோம்.