வீட்டுக்கு முன் தெருவைப் பார்ப்போம்

(கோடை விடுமுறையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



 

பள்ளி திறப்பதற்கு முன் வீடு மாறுகிற காலம் இது. திருவல்லிக்கேணி, மண்ணடி பக்கமிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் நம் பள்ளிக்கரணை, மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பகுதிகளுக்குக் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் இன்று வீடு பார்ப்பதைப் பற்றிப் பேச நினைக்கிறேன்.

கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் வருமானம் இல்லாதவர்கள் அல்ல. மாதச் சம்பளம் வருகிறது. ஆனால் வாடகை, பராமரிப்புக் கட்டணம், பள்ளி வேன் எல்லாம் கொடுத்த பிறகு பத்தாம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இருப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. முஸ்லிம் என்று தெரிந்ததும் வீடு இல்லை என்று சொல்லிவிடுகிற இடங்கள் இருக்கின்றன. நாலு இடத்தில் அப்படிக் கேட்டவர், ஐந்தாவது இடத்தில் வாடகை அதிகமானாலும் உடனே முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரத்தின் சுமை பிள்ளைகள் மீது விழுகிறது.

திருக்குர்ஆனின் தஹ்ரீம் அத்தியாயத்தில் ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா (அலை) அவர்களின் துஆ வருகிறது. சொர்க்கத்தில் ஒரு வீடு கேட்கிறார்கள். அரபி மூலத்தில் இறைவனின் அருகாமையை முதலில் சொல்லிவிட்டு அதன் பிறகே வீட்டைச் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு முன் அண்டையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தஃப்ஸீர் அறிஞர்கள் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். நாமோ அறை எத்தனை, பால்கனி உண்டா, லிப்ட் உண்டா என்று பார்க்கிறோம். பக்கத்தில் யார், அவர்கள் எப்படிச் செலவு செய்கிறவர்கள் என்று பார்ப்பதில்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு அத்தாவின் சம்பளம் எவ்வளவு என்று தெரியாது. ஆனால் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கியர் சைக்கிள், தனக்கு அண்ணன் ஓட்டிய பழைய சைக்கிள் என்பது தெரியும். நுழைவாயிலில் காவலாளி நிற்கிற பெரிய குடியிருப்பில் கஷ்டப்பட்டு ஒரு வீடு பிடிக்கிறோம். அங்கே நீச்சல் வகுப்பு, ஓட்டலில் பிறந்தநாள் விருந்து, விடுமுறைக்கு வெளிநாடு. நம் பிள்ளை முதலில் கேட்கும், பிறகு கேட்பதை நிறுத்திவிடும். கேட்காமல் இருக்கிற பிள்ளை புரிந்துகொண்டது என்று நாம் சந்தோஷப்படுகிறோம். பல நேரம் அது கூச்சம். நண்பர்களை வீட்டுக்கு அழைக்காது. அத்தா ஓட்டுநர் வேலை பார்ப்பதைச் சொல்லாது. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுக்கிற தாய்மார்களும் இருக்கிறார்கள். வட்டி எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்த குடும்பம்கூட இந்த வழியில் அதில் போய் விழுகிறது.

உலக வசதிகளில் நமக்கு மேலே இருப்பவர்களை அல்ல, கீழே இருப்பவர்களைப் பார்க்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அல்லாஹ்வின் அருட்கொடையை அற்பமாக நினைக்காமல் இருக்க அதுவே வழி. பெரியவர்களுக்கே இது கடினம். கதவைத் திறந்தாலே மேலே மட்டும் பார்க்கும்படியான தெருவில் பிள்ளையைக் குடிவைத்துவிட்டு, கீழே பார் என்று சொன்னால் அது எங்கே பார்க்கும்?

அதற்காக, எங்கே மலிவோ அங்கே போய்விடுங்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாக்கத்தைப் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தின் ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களை அரசு அங்கே கொண்டுவந்தது. கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வேலை பழைய இடத்தில், பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்தில். கல்வி ஆண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீடு மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே வாழ்கிறவர்களைத் தாழ்வாகப் பேசவும் கூடாது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, அதேபோன்ற குடியிருப்பான கண்ணகி நகரில் வளர்ந்த பெண்தான். முகவரியை வைத்து ஒரு பிள்ளையை எடைபோடும் பழக்கம் நம் வீட்டுக்குள் வரக்கூடாது.

ஆகவே, நம் வருமானம் நடுவில் இருக்கும்படியான தெருவைத் தேடுவோம். நம்மைவிட வசதியானவர் சிலர், நம்மைவிடச் சிரமப்படுகிறவர் சிலர், நம்மைப் போன்றவர் பலர். அங்கே பிள்ளை கூச்சமும் படாது, கர்வமும் படாது. வீடு பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, முழுக் கணக்கு. வாடகையோடு பராமரிப்பு, தண்ணீர் லாரி, பள்ளி வேன், வேலைக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஐந்தாயிரம் வாடகை குறைகிறது என்று தூரமாகப் போய், ஆறாயிரம் பயணத்துக்குக் கொடுப்பவர்கள் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. எதற்கும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். நம் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, நமக்குப் பெருமைதான். ஆனால் தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் வெளியேற வேண்டும். 2015இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். தரகர் சொல்லமாட்டார், அவர் சொல்லுவார். மலிவான தரைத்தள வீடு ஒரே மழையில் மிக விலை கூடிய வீடாகிவிடும்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். நடந்துபோகும் தூரத்தில் நல்ல அரசுப் பள்ளி இருந்தால் அதை இழிவாக நினைக்காதீர்கள். தொடக்க வகுப்புகளில் காலை உணவு தருகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பள்ளிவாசலும் மக்தபும் பிள்ளை தானாகப் போய்வரும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது, மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவுக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்களா? எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் கலந்திருக்கிறார்களா? என்ன வைத்து விளையாடுகிறார்கள்? வீட்டைப் பற்றித் தரகர் சொல்லாத பலவற்றையும் அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும்.

இதுவரை சிரமப்படுகிறவர்களிடம் பேசினேன். இப்போது வசதி பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை. அண்டை வீட்டாரின் உரிமைகளைச் சொல்லும் இடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஓர் அறிவிப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். அதன் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அதிலுள்ள ஒழுக்கம் உயர்ந்தது. பழம் வாங்கினால் அண்டை வீட்டுக்கும் கொடுங்கள். முடியாவிட்டால் மறைத்து எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் பிள்ளை ஏங்கும்படி உங்கள் பிள்ளை அதை வெளியே கொண்டுபோக விடாதீர்கள் என்பது அதன் கருத்து. தெருவைத் தேர்ந்தெடுப்பது வருகிறவரின் பொறுப்பு என்றால், வந்தவரின் பிள்ளை ஏங்காத தெருவாக அதை வைத்திருப்பது இருக்கிறவரின் பொறுப்பு. பெருநாள் உடையிலும் பிறந்தநாள் விருந்திலும் கொஞ்சம் அடக்கம் காட்டுங்கள். உங்களிடம் வாடகை வீடு இருந்தால், நியாயமான வாடகைக்கு ஒரு நல்ல குடும்பத்துக்குக் கொடுங்கள். வீடு மறுக்கப்பட்டு அலைகிறவருக்கு அது பெரிய உதவி.

வீடு தேடுகிறவர்கள், கொடுக்க வீடு உள்ளவர்கள் இருவரும் நம் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். தரகுக் கூலி இல்லாமல் இருவரையும் சேர்த்து வைக்க இன்ஷா அல்லாஹ் முயற்சி செய்வோம்.

நம் பிள்ளைகளுக்குப் போதுமென்ற மனத்தையும், நல்ல அண்டை வீட்டாரையும், வட்டி கலவாத ரிஸ்க்கையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.