மெலிந்த குழந்தையும் குடும்பத்தின் தட்டும்

குழந்தைக்கு நல்லுணவு என்றதும், அதை எப்படியாவது சதை போட வைத்துவிட வேண்டும் என்ற எண்ணமே இந்நாட்டில் பலருக்கும் எழுகிறது. பஞ்சங்களைக் கண்ட நாட்டில் இது வியப்பன்று. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் ஊட்டக்குறைவை எதிர்த்து எழுந்ததே. ஆயினும் எடை ஒன்றையே நலத்தின் அளவுகோலாகக் கொள்ளலாமா?

புனே நகரை அடுத்த ஆறு சிற்றூர்களில் 1993-இல் தொடங்கிய ஆய்வு இவ்வினாவுக்கு எதிர்பாராத விடை தந்தது. டாக்டர் சி. எஸ். யாஜ்னிக் குழுவினர் அங்குப் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளுடன் ஒப்பிட்டனர். சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் சராசரி எடை சுமார் 3.5 கிலோ, புனே குழந்தைகளுடையது சுமார் 2.7 கிலோ. ஆனால் குறைந்திருந்தது பெரும்பாலும் தசை. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு! இத்தகைய குழந்தைக்குச் சர்க்கரையும் எண்ணெயும் ஊட்டி எடையை மட்டும் ஏற்றினால், பின்னாளில் நீரிழிவுக்கு வழி திறக்கக்கூடும். அதே ஆய்வில், கருவுற்ற காலத்தில் கீரையும் பழமும் அடிக்கடி உண்ட தாய்மாரின் குழந்தைகள் பெரியனவாகப் பிறந்தன என்பதும் தெரிந்தது. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்க்குக் கீரை எங்கே மிஞ்சும்?

தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி 2015-16-க்கும் 2019-21-க்கும் இடையே, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் 38.4 விழுக்காட்டிலிருந்து 35.5 ஆகக் குறைந்தனர். மிகை எடையுள்ளோரோ 2.1-இலிருந்து 3.4 ஆக உயர்ந்தனர். இரு குறைகளையும் ஒருசேரக் களைய வேண்டிய நிலை இது.

பழக்கம் அறிவுரையால் வருவதன்று. பெற்றோர் தட்டில் இல்லாத காய் குழந்தையின் தட்டில் நெடுநாள் நிலைக்காது. “கீரையைத் தின்றால் மிட்டாய் தருவேன்” என்னும் தாய், நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறாள். குழந்தையோ, கீரை ஒரு தண்டனை, மிட்டாயே பரிசு என்று கற்றுக்கொள்கிறது. புதிய உணவொன்றைக் குழந்தை ஏற்க எட்டுப் பத்து முறை பரிமாற நேரலாம். இரண்டாம் முறையிலேயே கைவிடுவோர் பலர். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை வந்துவிட்ட காலத்தில் இப்பொறுமை எளிதன்று.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என 2020-இல் விதி வகுக்கப்பட்டது. வீட்டை அடுத்த கடைக்கு அவ்விதி எட்டாது. அங்கே குடும்பமே காவல்.

உணவு பாதி வேலையே. உண்டது தசையாக உடல் அசைய வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலையில் தந்தையும் உடன் நடந்தால் பாதி நேரம் வீட்டிலேயே கிடைத்துவிடும். மீதியைப் பள்ளி தர வேண்டும். ஆனால் தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்புதான் முதலில் கணக்குப் பாடத்துக்குப் போகிறது. பார்வையிட வரும் அலுவலர் மதிய உணவுப் பதிவேட்டைத் தவறாமல் கேட்கிறார். விளையாட்டு வகுப்பு எங்கே போயிற்று என்று கேட்பவர் அரியர்.