படுகளத்து ஒப்பாரி

ஒப்பாரி என்றாலே சாவு வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறோம். அதைக் கலையாகக் கேட்க வேண்டுமானால் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கம் அக்கினி வசந்த விழாவுக்குப் போக வேண்டும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து என நாள்கணக்கில் நடந்து, கடைசியில் துரியோதனன் வீழும் படுகளத்தில் வந்து நிற்கும். அன்று மாலை தீமிதி.

களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வீமன் அவன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். பாதிக் கூட்டம் அத்தோடு எழுந்துவிடும். நான் சொல்ல வந்த கலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

துரியோதனனின் தாய் காந்தாரி வருகிறாள், பெண் வேடம் கட்டிய ஆண்தான். ‘மகனே’ என்று எடுக்கும்போது குரல் உச்சியில் நிற்கும். அங்கிருந்து படிப்படியாக இறங்கி, அடியின் கடைசி ஏகாரத்தில் நடுங்கி, விம்மலில் அறுந்துபோகும். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் முகவீணை என்னும் சிறு ஊதுகுழல் அதே விம்மலை ஏந்திக்கொள்ளும். அழுகை அறும்; பாட்டு அறாது.

பெற்றதையும் வளர்த்ததையும் சொல்லி அழுகிறவள், அடுத்த மூச்சில் சொன்ன புத்தியைக் கேட்டாயா என்று ஏசுவாள். வீட்டு ஒப்பாரியும் அப்படித்தான். செத்தவரைப் பாடுகிற சாக்கில் புகுந்த வீட்டுக் குறையும், அண்ணன் தம்பி செய்யாத சீரும் வெளியே வந்துவிடும். அன்றைக்கு யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அழுகைக்குத் தொல்காப்பியம் நான்கு காரணம் சொல்கிறது: பிறர் இகழ்வது, இழப்பது, நிலை தாழ்வது, வறுமை. காந்தாரிக்கு நான்கும் நேர்ந்துவிட்டன.

இந்தத் திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இங்கே இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். தெலுங்கு வீட்டுப் பெண்களும் காந்தாரியோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பாதி வேலையைச் சொல் செய்தால், மீதியை அந்த இறங்கு குரல் செய்துவிடுகிறது.

குறையும் உண்டு. ஒலிபெருக்கி வந்தபின் சில குழுக்களில் கத்துவதே ஒப்பாரி என்றாகிவிட்டது. வாயோடு ஒட்டிப் பிடித்த மைக்கில் உச்சி மட்டும் கேட்கிறது, இறக்கம் கேட்பதில்லை. முகவீணை இருந்த இடத்தில் சில சமயம் கீபோர்டு உட்கார்ந்திருக்கிறது.

தேர்ந்த ஒப்பாரிக்காரர் தான் உடைந்துபோக மாட்டார். உடைந்தால் சுதி போய்விடும். கூட்டத்தை அழவிட்டு, தான் தாளத்தில் நிற்பார். அடுத்த முறை படுகளத்துக்குப் போனால், தொடையில் அடி விழுந்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள். காந்தாரி பாடி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.